பாறையில் பூத்த காசித்தும்பை

சென்ற இதழில் மருதாணியைப் பற்றி எழுதியதற்கு ஒரு கட்டுக் கடிதம் வந்து சேர்ந்தது. மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். அதில் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் மருதாணி இல்லை. காசித்தும்பைப் பூவை அரைத்து வைத்தாலும் நகம் சிவக்கும் என்கிறார்களே, நிஜமா?"

நிஜம்தான் சகோதரி. கொரியா தேசத்துப் பெண்கள் காலம் காலமாக இதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். நாலைந்து சிவப்புப் பூ, இரண்டு இலை, மிளகளவு படிக்காரம் சேர்த்து நசுக்கி, நகத்தின் மேல் வைத்து, ஒரு இலையைச் சுற்றி நூலால் கட்டிவிட வேண்டியது. இராத்திரி முழுக்க இருந்தால் காலையில் செம்பழுப்பாகப் பிடித்திருக்கும். மருதாணியைச் சிவக்க வைக்கிற லாசோன் என்ற சாயச்சத்து இதிலும் இருக்கிறதாம். ஆனால் உள்ளங்கை முழுக்கக் கருஞ்சிவப்பு வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், வராது. கைக்குழந்தை இருக்கிற வீடாக இருந்தால் இலையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேப்பங்கிழங்கில் நமைச்சலைத் தருகிற ஊசிப் படிகங்கள் இதிலும் உண்டு.

கேள்விக்குப் பதில் முடிந்தது. ஆனால் காசித்தும்பை என்று எழுதியதுமே எனக்கு வேறொரு சங்கதி நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. இருபது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த ஒரு திருட்டு! அப்போது அது திருட்டு என்றே எனக்குத் தெரியாது. போன வருஷம்தான் தெரிந்தது. இன்றைக்கு உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

2004-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாசம். என் வீட்டுக்காரர் சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தார். பெரியவனுக்கு அப்போது இரண்டு வயசு. வேன் பிடித்து, நாத்தனார் குடும்பமும் நாங்களுமாக மூணாறு போனோம். வெள்ளாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் லப்பைக்குடிக்காட்டில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் கொட்டும். மற்ற நாளெல்லாம் ஆற்று மணலும் வெயிலும்தான். போடிமெட்டு ஏறியதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் மலையே அழுதுகொண்டிருக்கிறது! பாறையெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மரத்துக்கெல்லாம் பச்சை வெல்வெட் உடுத்தினாற் போலப் பாசி.

ஒரு வளைவில் சிறுவனுக்கு வாந்தி வந்தது என்று வண்டியை நிறுத்தினார்கள். அவனுக்கு வாய் கழுவிவிட்டு நிமிர்ந்தேன். எதிரே பாறையில், பாசிக்கு நடுவில், ஒரு பூ. இளஞ்சிவப்பு. பார்த்த மாத்திரத்தில் நம் கிணற்றடிக் காசித்தும்பையின் ஜாடை தெரிந்தது. ஆனால் தண்டு இல்லை. இரண்டு மூன்று இலை மட்டும் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டிருக்க, நடுவிலிருந்து மெல்லிய காம்பு ஒன்று எழுந்து, அதன் உச்சியில் பூ. காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

செடி ஆசை பிடித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், என் கை சும்மா இருக்குமா? பாசியோடு சேர்த்து நகத்தால் கெல்லி எடுத்தேன். அடியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கிழங்கு. அதையும் விடவில்லை. எலுமிச்சை சாதம் கொண்டுபோயிருந்த டிபன் பாக்ஸைக் கழுவி, ஈரத் துணியில் சுற்றி உள்ளே வைத்து மூடிவிட்டேன். பக்கத்தில் இருந்த இன்னும் மூன்றையும் எடுத்தேன், ஒன்று போனாலும் ஒன்று பிழைக்கட்டும் என்று.

ஊருக்கு வந்து தொட்டியில் வைத்தேன். கொல்லையில் வேப்பமர நிழலில்தான் வைத்தேன். மூன்று வேளையும் தண்ணீர் தெளித்தேன். இரண்டே நாளில் இலை அவித்த கீரை மாதிரி துவண்டுவிட்டது. என் மாமியார் பார்த்துவிட்டு, "மலையில பொறந்தத இந்த வெக்கையில கொண்டாந்து வெச்சா நிக்குமாம்மா?" என்றார்கள். ஒரு வாரம் கழித்து மண்ணோடு குப்பைமேட்டில் கொட்டினேன். அத்தோடு மறந்தும் போனேன்.

போன வருஷம் என் தம்பி மகள் லீவுக்கு வந்திருந்தாள். திருச்சியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். கொல்லையில் காசித்தும்பை காய்த்திருந்தது. முற்றிய காயை விரலால் தொட்டால் பட்டென்று வெடித்துச் சுருண்டுகொள்ளும் இல்லையா? என் சின்ன மகளும் அவளும் போட்டி போட்டுக்கொண்டு வெடித்தார்கள். அப்போது அவள் சொன்னாள்: "மாமி, இதுக்குச் செடிப் பேரே இம்பேஷன்ஸ். லத்தீன் மொழியில பொறுமை இல்லாதவள்னு அர்த்தம்." நல்ல பேர்தான் வைத்திருக்கிறார்கள் போங்கள்! காயின் தோல் ஐந்து கீற்றாக இருக்கிறதாம். உள்ளே நீர் ஏற ஏற, கட்டிய ரப்பர் மாதிரி விறைத்து நிற்கிறதாம். தொட்டதும் ஐந்தும் சுருண்டு விதையை எறிந்துவிடுகிறது.

பிறகு போனை எடுத்து, "இதப் பாருங்க, இதுவும் காசித்தும்பைதான், வயநாட்டுல புதுசாக் கண்டுபிடிச்சது" என்று ஒரு படம் காட்டினாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. தண்டு இல்லை. தரையோடு இலை. நடுவில் ஒற்றைக் காம்பு. உச்சியில் பூ.

பெயர் இம்பேஷன்ஸ் வீரபழசி. ஆங்கிலேயரை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட பழசி ராஜாவின் பெயரைப் பூவுக்கு வைத்திருக்கிறார்கள். நான் பிடுங்கியது மூணாறு பக்கம், இது வயநாடு. ஆகவே இது அதுவல்ல என்றாள். சொந்தக்காரர்கள், அவ்வளவுதான். அப்புறம் அவள் சொல்லச் சொல்ல எனக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

சகோதரிகளே, நாம் காசித்தும்பை என்றால் ஒன்றோ இரண்டோ நிறம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உலகத்தில் ஆயிரம் வகைக்கும் மேல் இருக்கிறதாம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் நூற்றுக்கும் மேல். அதிலும் பெரும்பாலானவை உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது. இன்னும் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். 2021-ல் கேரள மலைக்காடுகளிலிருந்து ஒரே சமயத்தில் மூன்று புது வகைகளை அறிவித்தார்கள். ஒன்றுக்கு முன்னாள் முதலமைச்சர் அச்சுதானந்தன் பெயர், ஒன்றுக்கு அப்போது வரை சுகாதார அமைச்சராக இருந்த ஷைலஜா டீச்சர் பெயர், மூன்றாவதுக்குச் செடிகளே வாழ்க்கையாக இருந்த விஞ்ஞானி மேத்யூ டான் பெயர். பூவுக்கு மனுஷர் பெயர் வைப்பது பழைய வழக்கம்தான். வெள்ளைக்காரர் காலத்தில் ராபர்ட் வைட் என்ற டாக்டர் நம் தென்னாட்டுச் செடிகளையெல்லாம் படம் போட்டுப் பெரிய பெரிய புத்தகங்களாக வெளியிட்டார். படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் தேசத்து ஓவியர்கள். கோவிந்துவின் பெயரிலேயே ஒரு செடியினத்துக்கு 'கோவிந்தூயியா' என்று வைட் பெயர் வைத்தார். மரத்தில் ஒட்டி வளரும் ஒரு காசித்தும்பைக்கு, ஜெர்டன் என்ற டாக்டரின் மனைவி பெயரை வைத்தார். அந்த அம்மாளும் செடிகளைப் படம் வரைகிறவராம். ஒரு குடும்பத்துப் பெண்ணின் பெயர் நூற்றெழுபது வருஷமாக ஒரு பூவில் நிற்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இவ்வளவு நாள் கண்ணில் படாமல் இந்தப் பூக்கள் எப்படித் தப்பித்தன என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன காரணம் வேடிக்கையாக இருந்தது. புதுச் செடி என்று சொல்லிவிட முடியாதாம். காட்டிலிருந்து எடுத்து, தாள்களுக்கு நடுவில் அழுத்தி, அப்பளம் போலக் காயவைத்து, பழைய காப்பகங்களில் இருக்கும் உலர்ந்த செடிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ல் தொடங்கிய ரேபினாட் காப்பகம் அப்படி ஒன்று. அதை நடத்திய கே.எம். மேத்யூ பாதிரியார் நம் பச்சைமலை, கொல்லிமலை உட்பட இந்த வட்டாரத்து மலையெல்லாம் செடி தேடிச் சேகரித்துப் புத்தகம் போட்டிருக்கிறார். எங்கள் பெரம்பலூருக்கு மேற்கே தெரிகிற பச்சைமலையை நான் பஸ்ஸில் போகும்போது பார்த்ததோடு சரி!

ஆனால் காசித்தும்பைப் பூ இந்த அப்பளக் கதைக்கு ஒத்துவராது. இதழ் நனைந்த டிஷ்யூ பேப்பர் மாதிரி. காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டி, எது இதழ் எது வால் என்றே தெரியாமல் போய்விடும். ஜோசப் ஹூக்கர் என்ற பெரிய விஞ்ஞானி, லண்டன் கியூ தோட்டத்தின் தலைவராக இருந்தவர், கடைசிக் காலத்தில் இந்தக் காசித்தும்பைகளோடுதான் மல்லுக்கட்டினார். 1911-ல், 94-வது வயசில் கண்ணை மூடும் வரைக்கும் முடிந்தபாடில்லை. இப்போது பூவைப் பிரித்து ஸ்பிரிட்டில் ஊறுகாய் மாதிரி போட்டு வைக்கிறார்கள், உயிரோடு இருக்கும்போதே போட்டோ எடுக்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது.

வெளியே வருகிறபோதே "அழியும் நிலையில்" என்று பக்கத்தில் எழுத வேண்டியிருக்கிறது. பெயர் சூட்டும் அன்றைக்கே பிள்ளையைத் தீவிரச் சிகிச்சையில் சேர்ப்பது மாதிரி.

ஏன் என்று கேளுங்கள். அந்தப் பட்டென்று வெடிக்கிற காய்தான் காரணம்! ஆலம்பழத்தைப் பறவை தின்று பத்து மைல் தள்ளிப் போடும். எருக்கம் பஞ்சு காற்றில் பறக்கும். காசித்தும்பை விதை தானே எகிறிச் சில அடி தூரம்தான் விழும். எகிறி விழுந்த இடத்தில் ஈரம் இருக்க வேண்டும், நிழல் இருக்க வேண்டும். ஒரு மலையில் முளைத்தது, இடையிலிருக்கும் காய்ந்த பள்ளத்தாக்கைத் தாண்டி அடுத்த மலைக்குப் போக வழியில்லை. ஆயிரக்கணக்கான வருஷம் அங்கேயே இருந்து இருந்து, அந்த மலைக்கென்று ஒரு தனி ஜாதியாகவே மாறிவிடுகிறது. சிலதுக்கு ஒரே ஒரு மலைச்சரிவுதான் சொந்த ஊர். அங்கே நிழல் தரும் மரத்தை வெட்டினால் போச்சு. உடம்பு முழுக்கத் தண்ணீர்தானே, வெயில் பட்டால் அன்றைக்கே சாய்ந்துவிடும். தேயிலைக்கும் ஏலத்துக்கும் காடு போனது ஒரு காலம். இப்போது ரோட்டுக்கும் லாட்ஜுக்கும் போகிறது. மழை முன்னைப் போல நேரத்துக்குப் பெய்வதும் இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மெதுவாக டிபன் பாக்ஸ் கதையைச் சொன்னேன். முதலில் அவள் சிரித்தாள். "மாமி, மலை ரோட்டோரம் சிவப்பா மண்டிக் கிடக்கறது பாதி ஆப்பிரிக்காச் செடி. நர்சரியில விக்கறதுதான். அதப் பிடுங்கினா புண்ணியம்." எனக்கு உயிர் வந்தது. அப்புறம், தண்டு இல்லை, கிழங்கு இருந்தது என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"கிழங்கையுமா எடுத்தீங்க?"

"ஆமாம்மா."

அந்த ஜாதிக்குக் கிழங்குதான் உயிராம். மழைக்காலத்தில் மட்டும் இலையும் பூவும் விடுமாம். மழை நின்றதும் மேலே எல்லாம் வாடிப்போய், கிழங்கு பாசிக்கு அடியில் தூங்குமாம், அடுத்த ஜூன் வரைக்கும். இலை வாடிவிட்டது என்று நான் குப்பைமேட்டில் கொட்டினேனே, அப்போது அது செத்திருந்ததா, தூங்கியிருந்ததா? எங்கள் ஊர் வைகாசி வெயிலில் எப்படியும் பிழைத்திருக்காது என்று அவள் ஆறுதல் சொன்னாள். நாலு செடி, அவ்வளவுதானே என்றும் சொன்னாள். ஆனால் அந்தப் பாறையில் நான் பார்த்ததே நாலுதான். அதை அவளிடம் சொல்லவில்லை.

என்னைப் போல ஆசைக்குப் பிடுங்குகிறவர்கள் போதாதென்று, காசுக்குப் பிடுங்குகிறவர்களும் உண்டு. அகஸ்தியமலையில் 1865-ல் ட்ரூரி என்ற வெள்ளைக்காரக் கர்னல் ஓர் ஆர்க்கிட் பூவைக் கண்டார். மஞ்சள் நிறம், நடுவில் கரும்பழுப்புக் கோடு, முன்பக்கம் குழந்தையின் சின்னச் செருப்பு மாதிரி இருக்கும். செய்தி பரவியதும் சேகரிக்கிறவர்கள் மலையேறி வாரிக்கொண்டு போய்விட்டார்கள். காட்டில் அது இருக்கிறதா என்றே தேட வேண்டிய நிலைமை வந்துவிட்டது. இப்போது அதை வெளிநாட்டுக்கு விற்கச் சர்வதேசத் தடை இருக்கிறது. திருவனந்தபுரம் பக்கத்தில் பாலோட்டில் உள்ள தாவரத் தோட்டத்தில் பிள்ளை வளர்ப்பது போலக் குப்பிக்குள் நாற்று வளர்த்து மலையில் நட்டார்கள். இந்தப் பாடம் கற்றுக்கொண்டுதானோ என்னவோ, இந்தக் காலத்தில் அபூர்வச் செடியைக் கண்டுபிடிக்கும் பலர் எந்தப் பாறை, எந்த மரம் என்று சரியான அடையாளத்தை வெளியில் சொல்வதில்லை. கல்யாணம் நிச்சயம் ஆகும் வரை வாய் திறக்காத தாய்மார் மாதிரி!

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. அதைப் படித்துவிட்டு எனக்கே அங்கே போய் வேலைக்குச் சேரலாமா என்று தோன்றியது. வயநாட்டில் பெரியா என்ற ஊர்ப் பக்கம் குருகுல தாவரச் சரணாலயம் என்று ஓர் இடம். 1981-ல் வுல்ப்காங் தாயர்காஃப் என்ற ஜெர்மன்காரர் ஆரம்பித்தார். ரோடு போடுகிற இடத்திலும் மரம் விழுந்த இடத்திலும் தவித்துக் கிடக்கும் காட்டுச் செடிகளைக் கொண்டுவந்து காப்பாற்றுகிற அகதி முகாம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரண்டாயிரம் வகைக்கு மேல் வளர்க்கிறார்கள், காசித்தும்பைகள் உட்பட. காட்டுக் காசித்தும்பை ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவர் 2014-ல் காலமாகிவிட்டார்.

இதில் நமக்கு முக்கியமான சங்கதி, செடிகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்கள். வீட்டிலே சமையலை முடித்துவிட்டு வந்து, எந்தச் செடிக்கு எவ்வளவு பாசி, எந்த மரத்தில் எந்தப் பக்கம் ஒட்டவைத்தால் பிடிக்கும், எது தூங்குகிறது எது செத்துவிட்டது என்று கைப்பழக்கத்திலேயே கண்டுகொள்கிறார்கள். செத்ததையும் தூங்குவதையும் பிரித்தறியும் அந்தக் கை எனக்கு இருந்திருந்தால்! பிள்ளைக்குக் காய்ச்சலா, வெறும் தூக்கக் கலக்கமா என்று நெற்றியில் கை வைத்தே சொல்லிவிடுகிறோம் இல்லையா, அதே கைதான். பழக்கப்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

"அப்போ நானும் எடுத்து வந்து காப்பாத்தத்தானே பார்த்தேன்?" என்று தம்பி மகளிடம் வாதாடிப் பார்த்தேன். "அவங்க மழை பெய்யற மலையிலேயே வெச்சுக் காப்பாத்தறாங்க. நீங்க லப்பைக்குடிக்காட்டுக்குக் கொண்டாந்தீங்க" என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் பேசி ஜெயிக்க முடியுமா? காட்டில் அனுமதியில்லாமல் செடி எடுப்பது சட்டப்படியும் குற்றம் என்று வேறு பயமுறுத்தினாள்.

மூணாறு, ஊட்டி, வால்பாறை, கொல்லிமலை என்று லீவுக்குப் போகிற சகோதரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேன் நின்றதும் நம் கண் பாறையில்தான் போகும், கையும் பின்னாலேயே போகும். தொட்டி வைக்க ஆசையாக இருந்தால் நம் நாட்டுக் காசித்தும்பை விதை இருக்கிறதே, அதைத் தூவுங்கள். ஆடியில் தூவினால் சுமார் இரண்டு மாசத்தில் பூத்துவிடும். காலை வெயில் போதும், மத்தியான வெயில் ஆகாது. தண்ணீர் தேங்காமல், காயவும் விடாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஒரு தடவை வைத்துவிட்டால் அப்புறம் விதைக்கு அலைய வேண்டாம், தானே எகிறி விழுந்து அடுத்த வருஷமும் முளைக்கும்.

இந்த வருஷ ஆரம்பத்தில் தம்பி குடும்பத்தோடு மூணாறு போய் வந்தான். அந்த வளைவை அடையாளம் சொல்லி, மகளிடம் பார்த்துவரச் சொல்லியிருந்தேன். போடிமெட்டிலிருந்து மூணாறு போகிற ரோடு இப்போது நன்றாக அகலமாகிவிட்டது. வண்டி சுகமாகப் போகிறதாம், யாருக்கும் வாந்தி வரவில்லையாம். நான் சொன்ன மாதிரி இரண்டு மூன்று வளைவு இருந்ததாம். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பினாள். ஒன்றில் மலையைச் செதுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஒன்றில் டீக்கடை. இன்னொன்றில் பழைய பாறை அப்படியே இருந்தது, மேலே கருப்பாகக் காய்ந்த பாசி. என் பாறை எது என்று போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

"காஞ்ச மாசத்துல ஒண்ணும் தெரியாது மாமி. மழைக்காலத்துல வந்து பார்த்தாத்தான் தெரியும்" என்றாள். வருகிற ஆகஸ்டில் போகலாம் என்று என் வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டிருக்கிறார். டிபன் பாக்ஸில் இந்தத் தடவை போகும்போதும் எலுமிச்சை சாதம்தான். வரும்போது காலிப் பாத்திரம்.